கட்டைவிரலும் பச்சைக் காயும்

நடுவர் ஐயாவுக்கும் கோயில் முன்றலில் கூடியிருக்கும் உறவுகளுக்கும் வணக்கம். வீடியோ கேம் அறிவை வளர்க்கிறது என்பது எங்கள் அணி.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "கேம் விளையாடுகிற பொடியனுக்கு மூளை வளராது, கட்டைவிரல்தான் வளரும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்தக் கட்டைவிரலையே பிடிப்போம். வயிற்றில் சின்னத் துளை போட்டு, கமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்தபடி செய்கிற சத்திரசிகிச்சை இருக்கிறதே, அதில் 33 வைத்தியர்களின் கைத்திறனை அமெரிக்காவில் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். முன்பு கிழமைக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல் கேம் விளையாடியவர்கள் விட்ட பிழை, விளையாடாதவர்களைவிட 37 வீதம் குறைவு. தம்பி, நாளைக்கு உங்கள் பித்தப்பையில் கல் வந்தால் எந்த விரலைத் தேடுவீர்கள்?

11,430 பேர் 6 கிழமை மூளைப் பயிற்சி செய்தும் பொதுவான புத்திக்கூர்மை ஏறவில்லை என்ற 2010 ஆய்வையும் காட்டினார். உண்மைதான். பழகினதில் தேறினார்கள், பழகாததில் தேறவில்லை. ஆனால் அங்கே ஒருவரோடு ஒருவர் ஆடவில்லையே! எங்கள் பிள்ளைகள் யாரோடு ஆடுகிறார்கள்?

களுவாஞ்சிகுடியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு 9 வயது. தாய் குவைத்தில் வீட்டு வேலை. அவன் அம்மம்மாவோடு. ஒவ்வொரு இரவும் போனில் தாயோடு லூடோ. தாய்க்கு அங்கே 7 மணிக்குத்தான் கை ஓயும். கொப்பியில் கூட்டல் கணக்குக்குத் தடுமாறுகிறவன், இரண்டரை மணித்தியாலத்தைக் கூட்டி, "ஒன்பதரைக்கு அம்மா வருவா" என்று டக்கென்று சொல்வான். யார் படிப்பித்தது?

ஒருநாள் கரண்ட் இல்லை. திண்ணையில் அவன் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். தாயின் பச்சைக் காய் முன்னால் நிற்கிறது, சரியாக நாலு கட்டம். இவனுக்கு விழுந்ததும் நாலு! வெட்டினால் ஆட்டம் இவனுக்கு. நான் பதறுகிறேன், "வெட்டு மனே, வெட்டு!" அவன் விரல் அந்தரத்தில் நின்றது. மறுகா, பின்னால் நின்ற தன் வேறொரு காயை நாலு கட்டம் நகர்த்தினான்.

"என்ன மனே, பார்க்கலையா?"

"பார்த்தேன் மாமா. அம்மாட காய் வீட்டுக்கு வரட்டும்."