மூன்று துளைகளை நம்பி நிரப்பிய நூறு தோட்டாக்கள்

வணக்கம். என் முன்னால் இரண்டு இலக்குத் தாள்கள் இருக்கின்றன. இரண்டிலும் சுட்டது ஒரே .308 வின்செஸ்டர் துப்பாக்கி, ஒரே 168 கிரெய்ன் எடையுள்ள குண்டு, ஒரே வெடிமருந்தளவு. தொலைவும் அதே 100 கெஜம்தான். இடப்பக்கத் தாளில் மூன்று துளைகள் அரை அங்குலத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வலப்பக்கத்தில் பத்துத் துளைகள் 1.3 அங்குலத்துக்குப் பரவியிருக்கின்றன. முதல் தாளை நம்பி அதே அளவில் நூறு தோட்டாக்களை நிரப்பிவைத்தவன் நான் என்பதால், சற்று வெட்கத்தோடுதான் பேசத் தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்பும் பெரும்பாலோர் செய்வதையே நானும் செய்தேன். வெடிமருந்து நிறுவனத்தின் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து 0.3 கிரெய்ன் வீதம் ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வோர் அளவிலும் மூன்று முறை சுட்டு, எது மிக நெருக்கமாக விழுந்ததோ அதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லிகிராம், ஏறத்தாழ அரைக் குன்றிமணி எடை. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றம் துப்பாக்கியின் குணத்தையே மாற்றிவிடும் என்று நம்புவதில் ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. குண்டுகள் தற்செயலாகச் சிதறுவதாகக் கொண்டால், சராசரியாக மூன்று வெடிக்கு ஓர் அங்குலம் காட்டும் துப்பாக்கி பத்து வெடிக்கு ஏறத்தாழ 1.6 அங்குலம் காட்டும். தவிர, மூன்று வெடிக் குழுக்கள் தமக்குள்ளேயே மிகவும் ஏறி இறங்குபவை. பத்து அளவுகளைச் சுட்டால், அவற்றுக்குள் உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும், ஏதோ ஒன்று மிக அழகாக விழுந்தே தீரும். நான் அதற்குத்தான் மாலை போட்டேன். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியிலும் இதே கதைதான். மூன்று வெடியின் திட்ட விலக்கம், அதாவது வேகங்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, நொடிக்கு 8 அடி என்று காட்டினால், 95 விழுக்காடு நம்பிக்கை வரம்பில் உண்மை 4 அடி முதல் 50 அடி வரை எங்கும் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நொடிக்கு 2,650 அடியில் போகும் குண்டின் வேகம் 20 அடி மாறினால், 100 கெஜத்தில் அது விழும் உயரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் மாறும். ஆகவே வேகச் சீர்மையின் பலனை அந்தத் தொலைவுத் தாளில் தேடுவது வீண். மருந்தளவைப் படிப்படியாக ஏற்றிக் குண்டுகள் விழும் உயரத்தை ஒப்பிடும், கிரெய்டன் ஆடெட் பெயரால் வழங்கும் ஏணிச் சோதனையைத் தொலைவான இலக்கில் செய்வதற்குக் காரணம் அதுவே, ஆனால் அதிலும் ஓர் அளவுக்கு ஒரே வெடி என்றால் மேற்சொன்ன ஐயம் அப்படியே நிற்கும்.

இப்போது நான் கையேட்டின் உச்ச அளவுக்குக் கீழே இரண்டே அளவுகளை எடுத்துக்கொண்டு, தலா இருபது தோட்டாக்கள் சுடுகிறேன். உச்சத்தைத் தாண்டுவதில்லை, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாவதும், தோட்டா அறையை அடைக்கும் போல்ட் இறுகுவதும் அழுத்தம் மிகுவதன் எச்சரிக்கைதான், ஆனால் அவை தோன்றாததாலேயே அழுத்தம் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது அங்கே குற்றம்.

சென்ற வாரச் சோதனையில் இரண்டு அளவுகளுக்கும் இடையே நம்பத்தகுந்த வேறுபாடு எதுவும் தெரியவில்லை. குறைந்த அளவையே வைத்துக்கொண்டேன். பித்தளைக் கூடு கூடுதல் நாள் தாங்கும், தோளிலும் சற்று மெதுவாக இடிக்கும். அந்த நூறு தோட்டாக்களில் மீதியிருப்பவை பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.