சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவ இதழுக்கு ஆய்வுக் கட்டுரை தயாரிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு, 'இது டாக்டர்கள் சமாசாரம், நமக்கு எதற்கு' என்று தோன்றலாம். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டோடு வரிசையில் நின்றிருப்பீர்கள். இளம் மருத்துவர் ஒருவர் வந்து, "ஒரு ஆய்வு செய்கிறோம், சம்மதம் என்றால் இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று படிவத்தை நீட்டியிருப்பார். அந்தக் கையெழுத்து கடைசியில் போய்ச் சேருகிற இடம்தான் நான் சொல்லப்போகும் கட்டுரை. ஆகவே உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கொஞ்ச நேரம் கேளுங்கள்.

முதுகலை மருத்துவ மாணவர்கள் தீசிஸ், அதாவது பட்டத்துக்கான ஆய்வேடு, முடித்த கையோடு அதைச் சுருக்கி, கட்டுரையாக்கி எடுத்துக்கொண்டு வருவார்கள். முன்னுரை பிரமாதமாக இருக்கும். 'நீரிழிவு நோய் உலகெங்கும் பெருகிவருகிறது' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் ஓடும். நீரிழிவு பெருகுவது இதழாசிரியருக்குத் தெரியாதா? நான் அதைப் படிப்பதில்லை. நேரே அட்டவணைகளுக்குப் போவேன். முதல் அட்டவணையில் 120 பேர் என்று இருக்கும். மூன்றாவது அட்டவணையில் 104 பேர். நடுவில் 16 பேர் எங்கே போனார்கள்? "சார், அவர்கள் ஃபாலோ அப்புக்கு வரவில்லை" என்பார்கள். சரி, வரவில்லை. அதைக் கட்டுரையில் எங்கே சொல்லியிருக்கிறாய் என்று கேட்டால் பதில் இருக்காது.

என் பேச்சு முழுவதுமே இந்தப் பதினாறு பேரைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு நடத்துகிறவர், இருபது பேரைச் சேர்த்துவிட்டு, பாதியில் ஓடிப்போன மூன்று பேரைக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டால் விடுவோமா? ஆய்வுக்கும் அதே நியாயம்தான். வராமல் போனவர் குணமாகிப் போனாரா, மருந்து ஒத்துக்கொள்ளாமல் நின்றாரா, வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாரா, இறந்தே போனாரா? தெரியாது. தெரியாத 16 பேரை ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருப்பவர்களை வைத்து 'மருந்து நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதினால், வந்தவர்கள் வந்தார்கள் என்பதைத் தவிர அதில் வேறு செய்தி கிடையாது.

அதனால் எழுத உட்காரும்போது முன்னுரையைத் தொடாதீர்கள். முதலில் அட்டவணைகள். எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பேர் தகுதி பெற்றார்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள் என்ற கணக்கு சரியாகட்டும். அப்புறம் செய்முறைப் பகுதி. அதை ஆய்வு தொடங்கும் முன்பே பாதி எழுதிவிடலாம், ஆய்வு நோயாளிக்கு நியாயமானதா என்று பார்த்து அனுமதி தருகிற எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுத்த திட்டத்திலேயே இருக்கும். பிறகு முடிவுகள், பிறகு விவாதம். முன்னுரை அதற்குப் பிறகு. சுருக்கமும் தலைப்பும் கடைசி. படிக்கிற வரிசை வேறு, எழுதுகிற வரிசை வேறு.

இங்கே ஒரு பழைய கட்டுரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னோடு படித்தவர்கள், என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுச் சலித்தவர்கள். நீங்கள் புதியவர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் என்ற ஸ்டேஷன் தெரியும். 1950களில் காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு. ஆனால் இருக்கிற நோயாளிகளுக்கு அவ்வளவு படுக்கைக்கு எங்கே போவது? 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து செய்த வேலை. இன்று அது சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் போதாதா?

193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் மாதிரி, தற்செயலாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள், ஐசோனியசிடும் பாஸ் என்கிற மருந்தும். முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. வீட்டில் இருந்தவர்கள் குடிசையிலும் நெரிசலிலும் இருந்தார்கள், சாப்பாடும் குறைவு. அப்படியிருந்தும் பலன் கிட்டத்தட்ட சானடோரியத்துக்குச் சமம். உலகமே காசநோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்க்கத் துணிந்ததில் இந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்கு அதில் பிடித்தது முடிவு அல்ல, எழுதிய விதம். 51ஆம் பக்கத்தில் ஆரம்பித்து 144ஆம் பக்கம் வரை போகிறது. இன்றைக்குப் பல இதழ்கள் மூவாயிரம் சொல்லுக்குள் முடி என்கின்றன, அது வேறு கதை. படிக்கிறவர் எங்கே சந்தேகப்படுவார் என்று யோசித்து, அங்கங்கே பதில் வைத்திருக்கிறார்கள். வீட்டில் கொடுத்த மாத்திரையை நோயாளி விழுங்கினாரா, கூரையில் சொருகிவைத்தாரா? சிறுநீரைச் சோதித்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மோசம் என்பதை மறைக்கவில்லை, கட்டுரைக்கே அது பலமாகிவிட்டது. நோயாளியோடு ஒரே கூரையில் இருந்த குடும்பத்தாருக்குத் தொற்றாதா என்ற கேள்வி வரும் அல்லவா? அவர்களையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, பின்னால் தனியாக எழுதினார்கள். சேர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் கணக்கு உண்டு. திரும்பவும் அங்கேயே வருகிறேன், மன்னிக்கவும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கட்டுரை மையத்தின் பெயரிலேயே வந்தது. இப்போது நம் கட்டுரைகளைப் பாருங்கள். துறைத் தலைவர் பெயர், அவருக்கு மேலே உள்ளவர் பெயர், ப்ரமோஷனுக்குக் கட்டுரை தேவைப்படுகிற நண்பர் பெயர், எல்லாம் வரிசையாக நிற்கும். 1978இல் கனடாவின் வான்கூவரில் சில இதழாசிரியர்கள் கூடினார்கள். கட்டுரைகள் எந்த வடிவில் வர வேண்டும் என்ற விதிகள் அங்கேதான் பிறந்தன. அந்தக் குழு இன்று ஆசிரியர் என்பவருக்கு நான்கு நிபந்தனைகள் சொல்கிறது. ஆய்வின் சிந்தனையிலோ தரவிலோ உருப்படியான பங்கு வேண்டும். எழுதியிருக்க வேண்டும், அல்லது கருத்தளவில் திருத்தியிருக்க வேண்டும். கடைசி வடிவத்துக்குச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். நாளை கேள்வி வந்தால் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும், ஏதோ ஒன்று போதாது. மருத்துவமனைக் கட்டடத்தில் அறை ஒதுக்கித் தந்தவருக்கு நன்றி சொல்லலாம், அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது.

எண்கள் பற்றி ஒரு வார்த்தை. 12 நோயாளிகளில் 7 பேர் குணமானால் 58.33 சதவீதம் என்று எழுதாதீர்கள். ஒரே ஒருவர் மாறினால் எட்டு சதவீதம் நகர்கிற இடத்தில் புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண்ணா? 12இல் 7 என்று எழுதுங்கள். அழகாகவும் இருக்கும், உண்மையாகவும் இருக்கும்.

ஆங்கிலம் வராதே என்று பயப்படுகிற மாணவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் ஆய்வை வார்டு சிஸ்டரிடம் தமிழில் ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். சிஸ்டர் எங்கே குறுக்கே கேள்வி கேட்கிறாரோ அங்கேதான் கட்டுரையிலும் ஓட்டை இருக்கிறது. மொழியைப் பிறகு யாரிடமாவது கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.

நோயாளியின் படம் போடுகிறவர்கள் கவனிக்கவும். கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்டால் ஆள் அடையாளம் மறைந்துவிடாது, அந்த இதழாசிரியர் குழுவே அது போதாது என்கிறது. எழுத்து மூலமான சம்மதம் வாங்குங்கள். எக்ஸ்ரேயின் ஓரத்தில் பெயரும் ஐ.பி. எண்ணும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும், நிறையப் பேர் பார்ப்பதில்லை.

நேரமாகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். எந்த இதழுக்கு அனுப்புவது என்பதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், முடியாது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சமயத்தில் ஒரே இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். மூன்று நாளில் அச்சிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். மருந்தைச் சோதிக்கிற ஆய்வு என்றால், 2007இல் தொடங்கிய சி.டி.ஆர்.ஐ. என்கிற, இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளுக்கான பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும். கட்டுரை எழுதும்போது நினைவு வந்து பயனில்லை, நல்ல இதழ்கள் வாங்காது. சாட்பாட் உதவியோடு எழுதியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், அதன் பெயரை ஆசிரியர் பட்டியலில் போட முடியாது. கட்டுரையைப் படித்துப் பார்க்க இதழ் அனுப்புகிற மதிப்பீட்டாளர்களின் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுங்கள், கோபமாக இருந்தால் மறுநாள் எழுதுங்கள். கேஸ் ஷீட்டுகளையும் மூலத் தரவையும் கட்டுரை வந்த பிறகும் பத்திரமாக வையுங்கள், யாராவது கேட்பார்கள்.

நன்றி, வணக்கம்.