துப்பாக்கியைச் சுழற்றும் கை

நண்பர்களே, வணக்கம். ‘ரோபோகாப்’ பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். அவர்மேல் தவறில்லை, பெயர் அப்படி. திரைக்கதை கைக்கு வந்தபோது இயக்குநர் பால் வெர்ஹோவனே சில பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தூக்கிப் போட்டவர்தான். அவருடைய மனைவி மார்ட்டின் அதை எடுத்து முழுவதும் படித்தார். படித்துவிட்டு, இதில் நீங்கள் பார்க்காத ஏதோ இருக்கிறது என்று கணவருக்கு எடுத்துச் சொன்னார். 1987 ஜூலையில் படம் வெளிவந்தது. மார்ட்டின் கண்ணில் பட்ட அந்த ‘ஏதோ’வைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். வெடிகளையும் துரத்தல்களையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

கதை எளியது. டெட்ராய்ட் நகரத்தின் காவல்துறையை ஓசிபி என்ற நிறுவனம் ஒப்பந்தம் போட்டு நடத்துகிறது. மர்ஃபி என்ற காவலரை ஒரு கும்பல் சித்திரவதை செய்து சுட்டுக் கொல்கிறது. நிறுவனம் அவருடைய உடலை எடுத்துக்கொண்டு, மிச்சமிருப்பதை எஃகுக்குள் பொதிந்து ‘ரோபோகாப்’ என்ற இயந்திரக் காவலராக்குகிறது. அந்த இடத்தில் கேமரா மர்ஃபியின் கண்ணாகிவிடுகிறது. படுத்த படுக்கையாக மேலே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இடது கையைக் காப்பாற்றிவிட்டோம் என்கிறார்கள் மருத்துவர்கள். திட்டத்தின் அதிகாரி மார்ட்டனோ, முழு உடலும் செயற்கையாக இருக்கவேண்டும் என்றுதானே பேச்சு, கையை எடுத்துவிடுங்கள் என்கிறான். வேண்டாத நாற்காலியை அறையிலிருந்து அகற்றச் சொல்லும் குரல் அது. நல்லபடியாக இருக்கும் கை போகிறது. அது யாருடைய கையோ அவரை யாரும் கேட்கவில்லை.

இப்போது இன்னொரு கையைப் பாருங்கள். சாவதற்கு முன்பு, தன் துணைக் காவலர் லூயிஸ் எதிரில் மர்ஃபி துப்பாக்கியை விரலில் சுழற்றி உறையில் போடுவார். தொலைக்காட்சி நாயகன் ஒருவன் அப்படிச் செய்கிறான், மகனுக்கு அது பிடிக்கும், அதற்காகப் பழகியது. தனக்கும் அது பிடித்திருக்கிறது என்று கொஞ்சம் கூச்சத்தோடு ஒப்புக்கொள்வார். பிறகு இயந்திரமாக வந்து, காவல் நிலையத்தின் சுடும் கூடத்தில் எல்லோரும் வாய்பிளக்கச் சுட்டு முடிக்கிறார். தொடை திறக்கிறது. துப்பாக்கி உள்ளே போகும் முன் ஒரு சுற்றுச் சுழல்கிறது. லூயிஸின் முகம் மாறுகிறது. வசனம் ஒன்றும் இல்லை. நினைவை அழித்தவர்களுக்கு விரலின் பழக்கத்தை அழிக்கத் தோன்றவில்லை. அறிவியல் புனைகதையில் இத்தனை சிக்கனமாக ஓர் உயிர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அவர் தன் வீட்டுக்குப் போகிறார். வீடு காலி. விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். அறைக்கு அறை ஒரு திரை, திரைக்குத் திரை ஒரு தரகர், சிரித்த முகமாக வீட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே வருகிறார். எஃகுக் கால் வெறுந்தரையில் பதிகிறது. மனைவியும் மகனும் துண்டு துண்டாக நினைவில் வந்து போகிறார்கள். கடைசியில் இவர் குத்துவது அந்தத் திரையைத்தான். சண்டைப் படத்தின் நாயகன் விடும் குத்துகளில் இது எந்த எதிரியையும் வீழ்த்துவதில்லை. எனக்கு மறக்காமல் நிற்பது இந்தக் குத்துதான். வெர்ஹோவனும், இந்த வீடு திரும்பும் காட்சியில்தான் கதை தன்னைப் பிடித்தது, இழந்த சொர்க்கம்போல் தோன்றியது என்று சொல்லியிருக்கிறார்.

அந்த நடையைப் பற்றி ஒரு வார்த்தை. நடிகர் பீட்டர் வெல்லர், மௌன நடிப்பு ஆசிரியர் ஒருவரிடம் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார். ராப் பாட்டின் செய்த கவசம் படப்பிடிப்பு தொடங்கிய பிறகே வந்து சேர்ந்தது. முதல் நாள் அதை மாட்ட மட்டுமே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். மாட்டிய பிறகு பழகிய அசைவு ஒன்றுகூட அதற்குள் எடுபடவில்லை. வேலையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மெதுவாக்கி மறுபடி கற்றார். நாம் ரசிக்கும் அந்தக் கனத்த நிதானம் அப்படி வந்தது. முழுக் கவசத்தோடு காருக்குள் உட்கார முடியாது என்பதால், ஓட்டும் காட்சிகளில் இடுப்புக்குக் கீழே கவசமே கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் காட்சிகளின் கம்பீரம் சற்றுக் குறையும், மன்னியுங்கள்.

படத்தின் இன்னொரு முகம் கேலி. ஈடி-209 என்ற காவல் இயந்திரத்தை ஓசிபியின் நிர்வாகக் குழுவுக்கு அறிமுகப்படுத்துகிறார்கள். இளம் ஊழியர் ஒருவரைத் துப்பாக்கி நீட்டச் சொல்கிறார்கள். கீழே போடு, 20 விநாடி அவகாசம் என்கிறது இயந்திரம். அவர் போட்டுவிடுகிறார். அதற்கு அது தெரியவில்லை. எண்ணி முடித்துச் சுட்டுத் தள்ளுகிறது. மேசையில் பிணம் கிடக்க, தலைவரின் கவலை, கட்டுமான வேலை தள்ளிப்போனால் வட்டியே 5 கோடி டாலர் ஆகுமே என்பது. ஃபில் டிப்பெட்டின் குழு ஒவ்வோர் அசைவாகப் படமெடுத்து உயிர்கொடுத்த அதே இயந்திரம், பின்னால் படிக்கட்டில் இறங்கத் தெரியாமல் உருண்டு, கவிழ்த்துப் போட்ட ஆமைபோல் காலை உதைத்துக் கதறுகிறது.

அமெரிக்கத் தணிக்கையினர் பத்து முறைக்கு மேல் வெட்டச் சொன்னார்கள். சுடும் காட்சி மிகையாக நீண்டால்தான் அபத்தம் தெரிந்து சிரிப்பு வரும், குறைத்தால் வெறும் கொடூரம்தான் மிஞ்சும் என்பது வெர்ஹோவனின் மனக்குறை. எனக்கும் அவர் சொல்வதே சரியென்று படுகிறது. ஆனாலும் அந்தக் காட்சியைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்காதீர்கள்.

டெட்ராய்ட் என்று நாம் பார்க்கும் கட்டடங்கள் பெரும்பாலும் டல்லாஸ் நகரத்தவை. ஓசிபியின் தலைமையகம் அங்குள்ள நகராட்சி மண்டபம். மேல்மாடிகளை ஓவியமாகத் தீட்டி அதன்மேல் ஏற்றினார்கள். மக்களின் கட்டடம் ஒன்று கம்பெனிக் கோபுரமாகிவிட்டது. திட்டமிட்டுச் செய்தார்களோ என்னவோ, கதைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

கடைசிக் காட்சி அந்தக் கோபுரத்தின் உச்சியில். கொலைகளுக்கெல்லாம் பின்னால் இருந்த மூத்த அதிகாரி ஜோன்ஸ், தலைவரைப் பிணைக்கைதியாக்கியிருக்கிறார். நம் இயந்திரக் காவலரால் சுட முடியாது. நிறுவனத்தின் மேலதிகாரிகளைத் தொடக்கூடாது என்று ரகசியக் கட்டளை ஒன்றை உள்ளே பதித்திருக்கிறார்கள். தலைவர், உன்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டேன் என்று ஜோன்ஸைப் பார்த்துக் கத்துகிறார். கட்டளை தளர்கிறது. இவர் நன்றி சொல்லிவிட்டுச் சுடுகிறார். அரங்கம் கைதட்டும் இடம் அது. நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் கவனியுங்கள், அநியாயத்தைச் சுட இவருக்கு வேண்டியிருந்தது ஒரு பணிநீக்க உத்தரவு.

நன்றாகச் சுட்டாய் தம்பி, உன் பெயரென்ன என்று தலைவர் கேட்கிறார். நடந்துகொண்டிருந்தவர் திரும்பி, லேசாகச் சிரித்து, “மர்ஃபி” என்கிறார். அடுத்த கணம் திரை இருள்கிறது. அதில் பெரிய எழுத்தில் வருவது, நிறுவனம் அவருக்கு வைத்த பெயர்.