புயலுக்குப் பின் நாற்பது ஆண்டுகள்

கர்த்தருக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே,

சாட்சி சொல்ல எழுந்து நிற்பவரிடம், எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள் என்று கேட்கும் வழக்கம் நம் கூட்டங்களில் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் மாலுமியாயிருந்து பின்னாளில் போதகரான ஆங்கிலேயர் ஜான் நியூட்டனிடம் அப்படி ஒரு தேதி இருந்தது. 1748 மார்ச் 21 அன்று, அட்லாண்டிக் கடலில் ‘கிரேஹவுண்ட்’ என்னும் கப்பல் புயலில் சிக்கியபோது, தெய்வநிந்தனைக்குப் பேர்போன அந்த இளம் மாலுமி, உள்ளே புகுந்த நீரை இறைத்து இறைத்துக் களைத்த நிலையில் கடவுளின் இரக்கத்தை நாடினார். மேடைகளில் இந்தக் கதையை இத்துடன் முடித்துக்கொண்டு, நேரே போதகர் நியூட்டனுக்குத் தாவிவிடுகிறோம். இடையில் நடந்ததைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

புயலில் தப்பிய அந்த மனிதர், 1750க்கும் 1754க்கும் இடையில் மூன்று முறை அடிமைக் கப்பலின் தலைவராக ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். அதற்குள் தூஷண வார்த்தைகள் அவர் வாயை விட்டு அகன்றிருந்தன, வேதம் வாசித்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனையும் நடத்தினார். அதே கப்பலின் அடித்தளத்தில் மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். 1752 டிசம்பரில் கலகத் திட்டம் ஒன்று இருப்பதாகச் சந்தேகம் எழுந்தபோது, அடிமைச் சிறுவர்களின் கட்டைவிரல்களைத் திருகுகருவியில் வைத்து நெரித்து உண்மையை வரவழைத்ததை, அவரே தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்திருக்கிறார். கடைசியில் அவர் கடலை விட்டதும் மனசாட்சி உறுத்தியதால் அல்ல, திடீரென வந்த வலிப்பு நோயினால்தான்.

இவரைப் போலி என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய விசுவாசம் மெய்யானதே. ஆனால் அது முதலில் நாவைத் தொட்டது, பிறகு ஓய்வுநேரத்தைத் தொட்டது; பிழைப்பைத் தொடுவதற்கோ நெடுங்காலம் பிடித்தது. சட்டமும் சமுதாயமும் மரியாதையான தொழிலென ஒப்புக்கொண்டிருந்த ஒன்றைப் பாவமென்று தனி மனிதனின் மனசாட்சி தானாக உணர்ந்துகொள்வது அரிது. (ஜெபத்தோடு தொடங்கி வரதட்சணையில் முடியும் நம் வீட்டுக் கலியாணப் பேச்சுகளை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டால் தவறில்லை.)

புயலுக்குப் பின் கணிசமான காலம் வரை தம்மை முழு அர்த்தத்தில் விசுவாசி என்று எண்ண முடியவில்லை என்று நியூட்டனே பின்னாளில் எழுதினார். “முன்பு முளையையும், பின்பு கதிரையும், கதிரிலே நிறைந்த தானியத்தையும்” என்ற மாற்கு நற்செய்தியின் வசனத்தைக் கொண்டே, கிருபையில் வளர்வதைக் குறித்து அவர் கடிதங்கள் வரைந்தார். 1764இல் குருப்பட்டம் பெற்று, சரிகைப் பின்னல் பின்னிப் பிழைத்த ஏழைகள் வாழ்ந்த, இங்கிலாந்தின் ஓல்னி என்னும் சிற்றூரில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்தார். பிறருடைய துயரத்தை அன்றாடம் செவிகொடுத்துக் கேட்ட அந்த ஆண்டுகள், புயல் செய்யாததை அவருக்குள் செய்தன என்பது என் துணிபு.

அடிமை வாணிகத்தைக் கண்டித்து அவர் நூல் வெளியிட்டது 1788இல்தான். காலங்கடந்து வந்த அறிக்கை என்று அதில் தாமே ஒப்புக்கொண்டார். நற்செய்தியில் வரும் ஆயக்காரனான (வரி வசூலிப்பவனான) சகேயு, தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். அவன் வஞ்சித்தவர்கள் அதே ஊரில் இருந்தார்கள். நியூட்டன் விற்ற மனிதர்களோ கடலுக்கு அப்பால் சிதறிப்போயிருந்தார்கள். ஈடாகத் தருவதற்கு அவரிடம் மிஞ்சியிருந்தது, தாம் கண்டதும் செய்ததுமான உண்மை ஒன்றே. 1790இல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அதைச் சொன்னார்.