குறைவில்லாத வீட்டின் சோதனை

நடுவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களே, அக்காவே, சபையோரே, அனைவருக்கும் தோத்திரம்.

"சிங்கப்பூரில் வாழும் விசுவாசிக்குப் பெரிய சோதனை வறுமையா, வளமையா?" என்பது தலைப்பு. வளமையே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்பு பேசிய அண்ணன் நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்தார். "தரித்திரப்படுகிறதினால் திருடி, என் தேவனுடைய நாமத்தை வீணிலே வழங்காதபடிக்கும்" என்று அந்த அதிகாரத்தை எழுதிய ஞானி ஆகூர் வேண்டிக்கொண்டான், பார்த்தீர்களா, வறுமை மனிதனைத் திருடனாக்கிவிடும் என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நடுவர் அவர்களே, அண்ணன் வசனத்தைப் பாதியிலிருந்து வாசித்தார். விட்டுப்போன முன்பாதியை நான் வாசிக்கிறேன்: "நான் பரிபூரணம் அடைகிறதினால் மறுதலித்து, கர்த்தர் யார் என்று சொல்லாதபடிக்கும்." ஆகூர் இரண்டுக்கும் பயந்தான், உண்மைதான். ஆனால் எதற்கு எந்தக் குற்றத்தைச் சொன்னான்? ஏழை திருடுகிறான். திருடியவனுக்கு அது பாவம் என்று தெரியும், தூக்கம் வராது, யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். வயிறு நிறைந்தவனோ கர்த்தர் யார் என்றே கேட்டுவிடுகிறான். அவன் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பான்?

வறுமைக்குப் பூச்சூட்டிக் கும்பிட நாங்கள் வரவில்லை. ஊரில் ஏஜண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு, துவாஸ் வெளிநாட்டு ஊழியர் விடுதியிலிருந்து ஞாயிறு மாலை ஆராதனைக்கு வருகிற தம்பியிடம் போய், "உனக்கு ஆவிக்குரிய ஐசுவரியம் இருக்கிறது, கவலைப்படாதே" என்று சொல்கிறவன் கல்நெஞ்சன். வறுமை கொடியது. ஆனால் இன்றைய கேள்வி எது கொடியது என்பதன்று, எது பெரிய சோதனை என்பது. அந்தத் தம்பிக்குத் தான் சோதிக்கப்படுகிறோம் என்று தெரியும். அதனால்தான் முழங்காலில் நிற்கிறான். நம்மில் பலருக்கு அது தெரிவதே இல்லை.

அண்மையில் ஒரு வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போயிருந்தேன். வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு, கூட்டுரிமை வீடு என்கிற தனியார் கொண்டோவுக்கு மாறிய குடும்பம். நல்ல குடும்பம், குறை சொல்லவில்லை. போதகர் 127ஆம் சங்கீதத்தை வாசிக்கிறார்: "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில், அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா." எனக்குப் பின்னாலிருந்து ஒருவர் கிசுகிசுக்கிறார்: "சதுர அடி என்ன விலைக்குப் போயிருக்கும்?" பக்கத்தில் இருந்தவர் ஒரு தொகை சொல்கிறார். கேட்டவர் அதிர்ச்சியில் "ஆண்டவரே!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். போதகர், வசனத்துக்குத்தான் இப்படி உருகுகிறார் என்று நினைத்து, அவரைப் பார்த்துத் தலையசைத்தார். ஜெபம் முடிவதற்குள் அந்த வரவேற்பறையில் பாதிப் பேர் மனத்துக்குள் தங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக் கணக்கைக் கூட்டிக் கழித்திருப்பார்கள். யாரும் திருடவில்லை, பொய் சொல்லவில்லை. வளமையின் சோதனை இப்படித்தான், வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மரியாதையாக உள்ளே வருகிறது.

பூமியில் சேர்க்கும் பொக்கிஷங்களைப் பற்றி, "இங்கே பூச்சியும் துருவும் அவைகளைக் கெடுக்கும்" என்றார் இயேசு. நம் ஊரில் துருப்பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 2023 அக்டோபரில் பெரிய காரை வாங்கி ஓட்ட ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழின் விலை 150,000 வெள்ளியைத் தாண்டியது. கார் அல்ல, வெறும் சான்றிதழ். கார் பளபளவென்று நின்றாலும் பத்து ஆண்டில் அந்தக் காகிதம் காலாவதி. காலாவதித் தேதி அச்சிட்டே தருகிறார்கள், அப்படியும் அதற்காக ஓடுகிறோமே!

அக்கா ஒரு கேள்வி கேட்டார்: "பணம் இல்லாமல் ஆலயம் எழும்புமா, ஊழியம் நடக்குமா?" நடந்திருக்கிறதே, அக்கா! தமிழ் மெதடிஸ்ட் சபை இங்கே தொடங்கியது 1887இல். ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக லூர்து மாதா ஆலயம் எழும்பியது 1888இல். அந்தக் காலத்தில் கப்பலேறி வந்த நம்மவரில் எத்தனை பேர் சீமான்கள்? பெரும்பாலோர் கூலிக்கும் சிறு சம்பளத்துக்கும் வந்தவர்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியையும் சாட்சிக்கு அழைத்தார் அக்கா. முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை சேமி என்று அவரே சொல்லியிருக்கிறாராம். மூன்றாவதாக, முடிந்தவரை கொடு என்றாரே, அது எங்கே போயிற்று? அதே வெஸ்லி 1786இல், தம் 83ஆம் வயதில், செல்வம் பெருகிய இடத்திலெல்லாம் பக்தியின் சாரம் அதே அளவுக்குக் குறைந்துபோனதைக் கண்டதாக எழுதினார். உழைத்துச் சிக்கனமாக வாழ்ந்து பணக்காரர்களாகிவிட்ட தம் சொந்தச் சபையாரை நினைத்து எழுதியது அது. உங்கள் சாட்சி எங்கள் பக்கம் வந்துவிட்டார், அக்கா.

இனி என் முக்கியமான சாட்சி: வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில், ஆண்டவர் கடிதம் அனுப்பிய ஏழு சபைகளில் ஒன்று இருந்த லவோதிக்கேயா. வணிகப் பாதைகள் கூடும் ஊர், பணப் புழக்கம் மிகுந்த ஊர். அதன் ஆடுகளின் கருநிற மயிர் பேர்போனது. கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தபோது, ரோமின் உதவி இல்லாமல் தன் சொந்தப் பணத்திலேயே ஊரை எழுப்பிக்கொண்டது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறித்திருக்கிறார். கைமாற்று கேட்காத ஊர், யாரிடமும் கையேந்தாத மக்கள். கேட்கும்போது நமக்குத் தெரிந்த தீவு ஒன்று நினைவுக்கு வரவில்லையா? அந்த ஊர்ச் சபைதான் "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்றது. ஆண்டவர் சொன்ன பதில் என்ன? நீ தரித்திரனும் குருடனும் நிர்வாணியுமாயிருக்கிறதை "அறியாமல்" இருக்கிறாய் என்றார். கறுப்புக் கம்பளியில் பணம் பார்த்த ஊருக்கு, என்னிடத்தில் வெண்வஸ்திரம் வாங்கு என்று ஆலோசனை சொன்னார். "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனத்தைப் படம்போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோமே, அது இந்தச் சபைக்கு எழுதப்பட்டது. குறைவில்லாத சபைக்குள் ஆண்டவருக்கு இடமில்லை, அவர் வெளியே நிற்கிறார்.

மணி அடித்துவிட்டார்கள், நடுவர் அவர்களே, அரை நிமிடம் கொடுங்கள். அதே புத்தகத்தில் சிமிர்னா சபைக்கும் ஒரு கடிதம் இருக்கிறது. "நீ ஐசுவரியமுள்ளவனாயிருந்தும் உனக்கிருக்கிற தரித்திரத்தையும்" அறிந்திருக்கிறேன் என்கிறார் ஆண்டவர். கையில் தரித்திரமும் ஆவியில் ஐசுவரியமும் கொண்ட அந்த ஏழைச் சபையின்மேல் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆகவே, அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணனுக்கு ஒரே கேள்வி: ஏழு சபைகளுக்கு ஏழு கடிதங்கள் எழுதியவர், அவற்றில் எந்தச் சபையையாவது ஏழையாக இருந்ததற்காகக் கடிந்துகொண்டாரா? வேதப்புத்தகம் என் மேசையில்தான் இருக்கிறது, அண்ணன் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வணக்கம்.