திண்ணையில் காத்திருந்த வைரஸ்

அனைவருக்கும் வணக்கம்.

வைரஸ் உடம்புக்குள் எப்படி வருகிறது என்று கேட்டால் மூக்கு வழியாக, வாய் வழியாக, இரத்தம் வழியாக என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் அது தெருமுனை வரைக்கும் வந்த கதைதான். வீட்டுக்குள் நுழைந்த கதை வேறு. வைரஸால் தானாகப் பெருக முடியாது. ஏதாவது ஒரு உயிரணுவுக்குள் போய், அங்கிருக்கும் சாமான்களைக் கொண்டுதான் தன்னைப் பிரதி எடுத்தாக வேண்டும். அந்த உயிரணுவைச் சுற்றியோ கொழுப்பால் ஆன சவ்வு இருக்கிறது. அதை எப்படித் தாண்டுகிறது? இன்று எச்.ஐ.வி.யை மட்டும் எடுத்துக்கொண்டு இதைப் பேசப் போகிறேன்.

உயிரணுவின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்ற புரதங்கள் உண்டு. பாடப்புத்தகங்களில் இதற்குப் பூட்டும் சாவியும் என்று உவமை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூட்டைச் சாவிக்காகவே செய்கிறோம். எந்த ஏற்பியும் வைரஸுக்காக உண்டானதில்லை. அதற்கென்று சொந்த வேலை இருக்கிறது. நம் நோய் எதிர்ப்பு அணுக்களில் உள்ள சிடி4 என்ற ஏற்பி, கிருமியை அடையாளம் காண அந்த அணுக்களுக்கு உதவுகிறது. எச்.ஐ.வி. அதைத்தான் பற்றிக்கொள்கிறது என்று 1984இல் லண்டனிலும் பாரீஸிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டுபிடித்தன.

சரி, விஷயம் முடிந்தது என்றுதான் தோன்றியது. 1986இல் மனித சிடி4ஐ எலியின் உயிரணுக்களில் வைத்துப் பார்த்தார்கள். வைரஸ் வந்து ஒட்டியது, ஆனால் உள்ளே போகவில்லை. திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டது, கதவு மட்டும் திறக்கவில்லை. மனித அணுக்களில் இருக்கும் இன்னொன்று எலியிடம் இல்லை என்பது புரிந்தது. அது என்ன என்று தெரிய பத்து வருடம் ஆனது. (அதே 1986இல்தான் சென்னையில் ஆய்வு மாணவி நிர்மலாவும் டாக்டர் சுனிதி சாலமனும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். வேலூரில்தான் அந்த இரத்த மாதிரிகள் சோதிக்கப்பட்டன.)

1996இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் எட்வர்ட் பெர்கரின் குழு சிஎக்ஸ்சிஆர்4 என்ற இரண்டாவது ஏற்பியைக் கண்டுபிடித்தது. அடுத்த சில வாரங்களிலேயே, பல குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சிசிஆர்5ஐக் கண்டுபிடித்தன. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் எச்.ஐ.வி. பெரும்பாலும் பயன்படுத்துவது இந்த சிசிஆர்5ஐத்தான்.

அந்த நுழைவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வைரஸின் மேல் ஜிபி120 என்ற புரதம் இருக்கிறது. அது சிடி4ஐத் தொட்டதும் வடிவம் மாறுகிறது. அதுவரை மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே தெரிகிறது. அந்தப் பகுதிதான் சிசிஆர்5ஐப் பிடிக்கிறது. பிடித்தவுடன் அடியில் இருக்கும் ஜிபி41 நீண்டு, தன் முனையை நம் உயிரணுவின் சவ்வில் குத்துகிறது. அப்புறம் ஹேர்பின் மாதிரி இரண்டாக மடிகிறது. மடியும்போது வைரஸின் சவ்வும் உயிரணுவின் சவ்வும் நெருங்கி, ஒட்டி, ஒன்றாகிவிடுகின்றன. கதவை உடைக்கவே இல்லை. இரண்டு எண்ணெய்த் துளிகள் ஒன்று சேர்வது போல இரண்டு சுவர்களும் ஒரே சுவராகிவிடுகின்றன. உள்ளே இருந்த சரக்கு நம் அணுவுக்குள் இறங்குகிறது.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நியூயார்க் ஓவியர் ஸ்டீபன் க்ரோன் என் நினைவுக்கு வருகிறார். அவருடைய துணைவர் 1982இல் இறந்தார். பிறகு நண்பர்கள் ஒவ்வொருவராக எய்ட்ஸில் போனார்கள். தனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்ற கேள்வியோடு அவர் தாமாகவே ஆய்வகத்தைத் தேடிப் போய் இரத்தம் கொடுத்தார். சிசிஆர்5 கண்டுபிடிக்கப்பட்டதும் விடை கிடைத்தது. அவருடைய சிசிஆர்5 மரபணுவில், தாய் வழியிலும் தந்தை வழியிலும், 32 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதனால் அந்தப் புரதம் பாதியில் நின்றுவிடுகிறது, மேற்பரப்புக்கு வந்து சேருவதே இல்லை. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார். நம் பக்கம் இது மிகவும் அபூர்வம்.

அப்படியானால் எல்லோருக்கும் சிசிஆர்5ஐ எடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். வீக்கம் உள்ள இடத்துக்கு வெள்ளணுக்களை வரவழைக்கும் அழைப்பைக் கேட்பதுதான் அதன் சொந்த வேலை. அது இல்லாதவர்களுக்கு, கொசு மூலம் பரவும் மேற்கு நைல் வைரஸ் தொற்றினால் நோய் அறிகுறிகள் வெளிப்படும் ஆபத்து அதிகம். 2018இல் சீனாவில் கருவிலேயே இந்த மரபணுவைத் திருத்திக் குழந்தைகளைப் பிறக்க வைத்தபோது உலகமே கொதித்தது நியாயம்தான். திருத்திய விஞ்ஞானி ஹே ஜியான்குய் சிறைக்குப் போனார். ஏற்பியை அழிக்காமல், வைரஸ் பிடிக்க முடியாதபடி மட்டும் செய்யும் மராவிரோக் என்ற மாத்திரை 2007 முதல் இருக்கிறது. எனக்கு அந்த வழிதான் சரியாகப் படுகிறது.

கடைசியாக டிமோதி ரே பிரவுன். பெர்லினில் வாழ்ந்த அமெரிக்கர். எச்.ஐ.வி.யோடு இரத்தப் புற்றுநோயும் சேர்ந்துகொண்டது. புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டியிருந்தது. டாக்டர் கெரோ ஹூட்டர், கொடையாளர்களில் க்ரோனைப் போல சிசிஆர்5 இல்லாதவராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். புதிய மஜ்ஜையிலிருந்து உண்டாகும் நோய் எதிர்ப்பு அணுக்களிலும் அந்தக் கதவு இருக்காது அல்லவா? 2007இல் முதல் மாற்று நடந்தது. புற்றுநோய் திரும்பியதால் 2008இல் அதே கொடையாளரிடமிருந்து இன்னொன்று. எச்.ஐ.வி. மாத்திரைகளை நிறுத்திய பிறகும் வைரஸ் திரும்பவே இல்லை.

இது எல்லோருக்கும் ஆகக்கூடிய சிகிச்சை இல்லை. மஜ்ஜை மாற்றே உயிருக்கு ஆபத்தானது. இதே மாதிரி மாற்று செய்துகொண்ட இன்னொருவரிடம், சிஎக்ஸ்சிஆர்4 வழியாக நுழையும் வைரஸ் தலைதூக்கியது. ஒரு கதவு அடைபட்டால் வேறு கதவு.

பிரவுன் முதலில் 'பெர்லின் நோயாளி' என்றுதான் அறியப்பட்டார். பிறகு தாமே பெயரைச் சொல்லி முன்வந்தார். குணமான ஒரே ஆளாகத் தான் இருக்கக் கூடாது என்பது அவருடைய ஆசை. லண்டனில் இரண்டாவது ஒருவரிடம் வைரஸ் திரும்பவில்லை என்ற செய்தி 2019இல் வந்தது. பிரவுன் அடுத்த ஆண்டு செப்டம்பரில், திரும்பி வந்த புற்றுநோயால், 54 வயதில் இறந்தார். அதுவரைக்கும் அவர் உடம்பில் எச்.ஐ.வி. தலைகாட்டவில்லை.