அழைப்பு வருமுன்: ஒன்ராறியோவில் பராமரிப்பு இல்லத்துக்குப் போகும் எங்கள் பெற்றோர்

சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அம்மாவை, அப்பாவைப் பராமரிப்பு இல்லத்தில் விடலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இரவில் நாலு தரம் எழும்பித் தாயைத் தூக்கி இருத்தும் மகளுக்கும், அடுப்பை நிற்பாட்ட மறக்கும் தகப்பனைத் தனியே விட்டு வேலைக்குப் போகும் மகனுக்கும் அந்த விவாதத்தால் ஒரு பயனும் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. "கட்டில் கிடைத்திருக்கிறது" என்று அழைப்பு வந்தால், பதில் சொல்ல உங்களுக்கு 24 மணி நேரம்தான் தருவார்கள். அந்த ஒரு நாளில் குடும்பம் கூடிப் பேசி, பணம் பார்த்து, பத்திரம் எழுதி முடிக்க இயலாது. யோசிக்க வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

விண்ணப்பம் நேரே இல்லத்துக்குப் போவதில்லை. ஒன்ராறியோ ஹெல்த் அட் ஹோம் என்ற அரச அமைப்பின் ஊடாகத்தான் போகும். 310-2222 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ஒரு பராமரிப்பு இணைப்பாளரை ஒழுங்குசெய்து தருவார்கள். அவர் உங்கள் பெற்றோரைச் சந்தித்து மதிப்பீடு செய்வார். எங்கள் வீடுகளில் பிழை நடக்கும் முதல் இடம் இதுதான். வந்தவருக்கு முன்னால் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "எல்லாம் நானே செய்வன், ஒரு கரைச்சலும் இல்லை" என்று சொல்லிவிடுவார். இணைப்பாளர் அதையே எழுதுவார். உண்மையில் குளிக்க வார்ப்பது மகள், மருந்து எடுத்துக் கொடுப்பது மருமகன். ஆகவே பராமரிக்கிறவர் அந்த நேரத்தில் கட்டாயம் வீட்டில் நிற்க வேண்டும். முன்கூட்டியே ஒரு கிழமைக்குக் குறிப்பு எழுதுங்கள்: இரவில் எத்தனை தரம் எழும்பினார், எங்கே விழுந்தார், எத்தனை தரம் உடுப்பு நனைந்தது, எந்த மருந்தை மறந்தார். பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக இருத்தாதீர்கள். மலசலம் பற்றிய கேள்விக்குப் பேரனுக்கு முன்னால் எந்த ஆச்சியும் உண்மை சொல்ல மாட்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேளுங்கள்.

தகுதி உறுதியானதும் ஐந்து இல்லங்கள் வரை தெரிவு செய்யலாம். நெருக்கடி நிலை என்று வகைப்படுத்தினால் அந்த எல்லை இல்லை. ஐந்தையும் நிரப்பியே ஆகவேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. போய்ப் பார்க்காத இல்லத்தின் பெயரைத் தயவுசெய்து எழுத வேண்டாம். காரணம் இதுதான்: நீங்களே எழுதிக் கொடுத்த இல்லத்தில் கட்டில் வந்து, நீங்கள் மறுத்தால், வீட்டிலிருந்து விண்ணப்பித்தவரின் கோவை மூடப்படும். பெயர் எல்லாப் பட்டியல்களிலிருந்தும் போய்விடும். உடல்நிலை மாறினாலன்றி 12 கிழமைக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. ஏற்றுக்கொண்டால், அழைப்பு வந்த நாளுக்கு அடுத்த ஐந்தாம் நாளுக்குள் குடிபுக வேண்டும். கட்டிலைப் பிடித்து வைத்திருக்கும் இடைநாட்களுக்கும் கட்டணம் உண்டு. கிடைத்தது முதல் தெரிவு இல்லையென்றாலும், அங்கே போயிருந்துகொண்டு முதல் தெரிவின் பட்டியலில் பெயரைத் தொடர்ந்து வைத்திருக்கலாம்.

பார்க்கப் போகும்போது வரவேற்பு மண்டபத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரம் போய், தானாகச் சாப்பிட முடியாதவர்களுக்குப் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து ஊட்டுகிறார்களா, நின்றபடி வாயில் திணிக்கிறார்களா என்று பாருங்கள். அழைப்பு மணி அடித்தால் எவ்வளவு நேரம் கழித்து ஆள் வருகிறார் என்று பாருங்கள். இரவு வேலையில் தமிழ் பேசும் ஊழியர் யாராவது உண்டா என்று கேளுங்கள். பகலில் இருப்பதை விட இரவில் இருப்பதுதான் முக்கியம். மறதி நோய் உள்ளவருக்குப் பயமும் குழப்பமும் பொழுது சாயத்தான் கூடும். பின்னாளில் படித்த ஆங்கிலம் முதலில் கழன்று போய்விடும்.

வைத்தியசாலையில் படுத்திருக்கும்போதுதான் விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2022இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, சிகிச்சை முடிந்தும் வைத்தியசாலைக் கட்டிலில் இருப்பவரை அவர் தெரிவு செய்யாத இல்லத்துக்கும் அனுப்பலாம். தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரை, வட ஒன்ராறியோவில் வழமையாக 150 கிலோமீற்றர் வரை. போக மறுத்து அங்கேயே இருந்தால் நாளுக்கு 400 டொலர் அறவிடுவார்கள். ஸ்காபரோவில் இருக்கும் குடும்பத்துக்கு 70 கிலோமீற்றர் என்றால், வேலை முடிந்து மாலையில் போய் அம்மாவுக்கு ஒரு வாய் சோறு ஊட்டி வருவது என்ற பேச்சே இல்லை. வீட்டில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள்.

பணத்துக்கு வருவோம். தாதியர் பராமரிப்பின் செலவை மாகாணம் ஏற்கிறது. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள் கட்டுகிறோம். எந்த இல்லமானாலும் மாகாணம் நிர்ணயித்த ஒரே கட்டணம்தான். 2024 ஜூலை நிர்ணயத்தின்படி அடிப்படை அறைக்கு மாதம் 2,036.40 டொலராகவும், தனி அறைக்கு 2,909.36 டொலராகவும் இருந்தது. வழமையாக ஜூலையில் இது மாறும். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணக் குறைப்பு உண்டு. ஆனால் அது அடிப்படை அறைக்கு மட்டும்தான். கெதியாகக் கட்டில் கிடைக்கும் என்று தனி அறைக்கு அடையாளமிட்டு, ஆறு மாதத்தில் கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. தனி அறையில் இருந்துகொண்டு குறைப்புக் கேட்க முடியாது. அடிப்படை அறைக்கு மாற்றம் கேட்டு மறுபடி காத்திருக்க வேண்டும். குறைப்புக்கு வருடா வருடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல் தேவை. வருமானமே இல்லாத அம்மாவாக இருந்தாலும் வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள்.

கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் இல்லத்துக்குப் போனால், மத்திய அரசின் சேவிஸ் கனடாவுக்கு அறிவித்து, விருப்பமின்றிப் பிரிந்து வாழ்பவர்கள் என்று பதிவு செய்யலாம். அதன் பிறகு வருமானம் குறைந்த முதியோருக்கான மேலதிகக் கொடுப்பனவை (GIS) இருவருக்கும் தனித்தனி ஆட்களாகக் கணக்கிடுவார்கள். வீட்டில் மிஞ்சியிருப்பவரின் வாடகைக்கு இது பெரிய உதவி. யாரும் தேடி வந்து இதைச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது கையெழுத்து. சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று என்று அதிகாரப் பத்திரம் இரண்டு வகை. பெற்றோருக்கு விளங்கும் நிலை இருக்கும்போதே இரண்டையும் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் தேவை. எழுதுபவரின் துணையோ பிள்ளையோ, அதிகாரம் பெறுபவரோ அவரின் துணையோ சாட்சியாக நிற்க முடியாது. மகள் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பத்திரம் தேவைப்படும் நாளில் கேள்விக்குள்ளாகும். பத்திரமே இல்லையென்றால் உடல்நல முடிவுகளுக்குச் சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் துணை, பிறகு பிள்ளைகள். எங்கள் ஆட்கள் பலர் மூத்த மகனின் சொல்தான் எடுபடும் என்று நினைக்கிறார்கள். சட்டத்துக்கு மூத்தவர், இளையவர், ஆண், பெண் என்று கிடையாது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே படி. அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் முடிவு அரச பொதுப் பாதுகாவலர் கைக்குப் போகும். சிட்னியில் இருக்கும் தம்பியோடும் லண்டனில் இருக்கும் அக்காவோடும் இப்போதே பேசுங்கள்.

அனுமதி நாளில் ஒரு கட்டுத் தாள் நீட்டுவார்கள். இதயம் நின்றால் மீட்பு முயற்சி செய்ய வேண்டுமா, வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டுமா என்ற படிவமும் அதற்குள் இருக்கும். அன்றைக்கே அதில் கையெழுத்திட வேண்டும் என்று இல்லை. கையெழுத்திடவில்லை என்பதற்காக அனுமதியை மறுக்கவும் முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள், வைத்தியரைக் கேளுங்கள்.

இனி என்ன கொண்டு போவது. கட்டில், மெத்தை, பக்கமேசை, கதிரை எல்லாம் இல்லம் தரும். துணிகளுக்குக் குடிபுகுந்து 48 மணி நேரத்துக்குள் இல்லம் பெயர் ஒட்ட வேண்டும் என்பது விதி. பிறகு வாங்கும் ஒவ்வொரு துணிக்கும் இதே விதிதான். பிறந்தநாளுக்கு வாங்கிய சுவெற்றரை நேரே அலுமாரியில் வைத்துவிட்டு வருவதால்தான் அது தொலைகிறது. முதலில் ஊழியரிடம் கொடுங்கள். ஏழு முதல் பத்துச் சோடி உடுப்புப் போதும். அங்கே கொதிநீரில் இயந்திரத் தோய்ப்பு, இயந்திர உலர்த்தல். பட்டும் கம்பளியும் ஒரே தோய்ப்பில் கெட்டுப்போகும். சேலை உடுத்துப் பழகிய அம்மாவுக்கு அது மரியாதைக்குரிய விடயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வோக்கரோடு நடப்பவரின் காலில் சேலைக்கரை சிக்கும். விசேட நாட்களுக்கு இரண்டு நூல் சேலை வைத்துவிட்டு, மற்ற நாட்களுக்கு முன்பக்கம் திறக்கும் நீளச் சட்டை கொடுங்கள்.

கூடுதலாகத் தொலைவது நகையல்ல. பல்செட், காதுக்கருவி, மூக்குக்கண்ணாடி. சாப்பிட்டு முடிந்ததும் அப்பா பல்செட்டைக் கழற்றிக் கடதாசித் துவாயில் சுற்றித் தட்டில் வைப்பார். தட்டு குசினிக்குப் போய், துவாய் குப்பைக்குப் போகும். காதுக்கருவி தலையணை உறையோடு தோய்க்கப் போகும். பல்செட்டில் பெயரைப் பல் வைத்தியரிடம் பொறித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பின் இவற்றைப் பார்க்க வேண்டும் என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிறு போடலாமா என்பதை அம்மாவிடமே கேளுங்கள். கழற்றவே மாட்டேன் என்றால் படம் எடுத்து, எழுத்தில் பதிவு செய்யுங்கள். கைவிரல் வீங்கக்கூடிய ஒருவருக்கு மோதிரம் மட்டும் வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு போகலாம். பெயரும் திகதியும் ஒட்டி, ஊழியருக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குத் தண்ணீரைக்கூடத் தடிப்பாக்கித்தான் கொடுப்பார்கள். அவருக்கு நாங்கள் பாசத்தோடு கொண்டுபோகும் ரசம் நுரையீரலுக்குள் போகும். இருமல்கூட வராமல் உள்ளே போவதுண்டு. இரண்டு நாளில் காய்ச்சல், அடுத்தது நிமோனியா. புட்டு உதிரும், தொண்டையில் ஒட்டும். அதைச் சொதி விட்டு மசித்தாலும் சிலருக்குப் பாதுகாப்பில்லை. தண்ணியும் தூளும் வேறுவேறாகப் பிரிந்துவிடும். பருப்பையும் பூசணியையும் ஒரே சீராகக் கடைந்து, கரண்டியில் நிற்கும் பதத்தில் கொண்டு போங்கள். எந்தப் பதம் என்று உணவியலாளரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் என்றால் முட்டை உண்டா, மீன் குழம்பு உண்டா, வெள்ளிக்கிழமை எப்படி என்று விபரமாகச் சொல்லுங்கள். "சைவம்" என்று மட்டும் சொன்னால் தினம் சீஸ் சான்ட்விச்தான் வரும்.

மருந்தும் அப்படித்தான். சித்தாலேப தைலம் முதல் ஊரிலிருந்து வந்த சூரணம் வரை எதையும் மேசை லாச்சிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்குச் சில மூலிகைகள் கேடு செய்யும். தாதியிடம் காட்டுங்கள்; வைத்தியர் அனுமதித்தால் மருந்துப் பட்டியலில் சேர்ப்பார்கள். விளக்கேற்றுவதும் ஊதுபத்தியும் பெரும்பாலான இல்லங்களில் முடியாது. ஒட்சிசன் பாவிக்கும் அறைகள் பக்கத்திலேயே இருக்கும். மின்கல விளக்கோடு ஒரு சின்னச் சாமிப்படத்தைக் கட்டிலில் படுத்தபடி பார்க்கக்கூடிய உயரத்தில் மாட்டிக் கொடுங்கள்.

முதல் 24 மணி நேரத்துக்குள் ஒரு தற்காலிகப் பராமரிப்புத் திட்டமும், 21 நாட்களுக்குள் முழுத் திட்டமும், ஆறு கிழமைக்குள் குடும்பத்தோடு ஒரு கூட்டமும் நடக்க வேண்டும். அந்தக் கூட்டத்தைத் தொலைபேசியில் முடித்துவிடாதீர்கள். கிழமைக்குக் குறைந்தது இரண்டு குளியல், அதுவும் அவர் விரும்பும் முறையில் என்பது சட்டம். தொட்டியில் இறங்கப் பயப்படும் ஆச்சிக்குக் கதிரையில் இருத்தித் தண்ணீர் வார்க்கும்படி கேட்கலாம். கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டை ஒட்டுங்கள்: நோகுது, தண்ணி, ஒண்டுக்கு, குளிருது, பயமாயிருக்கு என்று ஒரு இருபது சொல், ஊழியர் வாசிக்கக்கூடிய ஆங்கில எழுத்தில், பக்கத்தில் பொருளோடு. பிலிப்பைன்சிலிருந்தோ ஜமேக்காவிலிருந்தோ வந்த ஒரு பராமரிப்பு உதவியாளர் "நோகுதா அம்மா" என்று கேட்டால் போதும், கையைத் தட்டிவிடும் அம்மா கையைக் கொடுப்பார்.

பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் வீட்டுக்குக் கூட்டி வரலாம். கிழமைக்கு 48 மணி நேரம் வரை சாதாரண விடுப்பும், அதற்கு மேல் வருடத்துக்கு 21 நாள் விடுமுறையும் உண்டு. அந்த நாட்களுக்கும் கட்டணம் ஓடும். கொண்டுபோகும் மருந்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வெள்ளி பின்னேரம் வாசலில் நின்று கேட்டால் கிடைக்காது.

குறை இருந்தால் எழுத்தில் கொடுங்கள்: திகதி, நேரம், என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும். இல்லம் 10 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதிலில் திருப்தி இல்லையென்றால், அல்லது ஆளுக்குத் தீங்கு நடந்திருந்தால் உடனேயே, 1-866-434-0144 என்ற மாகாண இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாடு செய்தால் அம்மாவைப் பழிவாங்குவார்கள் என்ற பயம் எங்களிடம் நிறைய இருக்கிறது. பழிவாங்குவதையே சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள். உங்கள் படிவங்களையும் கொண்டு வந்திருந்தால் முன்மேசைக்கு வாருங்கள், ஒன்றாகப் பார்ப்போம்.